நசுங்கின பம்பை

என் மாமனாரின் பம்பையை மியூசியத்துக்குத் தருவதாக என் வீட்டுக்காரர் கோவிந்தன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது, எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பிலிருந்த சோறு குழைந்து போனது.

"யோவ், யாரைக் கேட்டு ஒத்துக்கினு வந்தே?" என்று வாசலிலேயே மடக்கினேன்.

"இன்னாத்துக்குடி கத்துறே? நைனா பேரு நாலு பேருக்குத் தெரிய வாணாவா? கண்ணாடிப் பொட்டில வெச்சி, லைட்டு போட்டு, பேரு எழுதி வெப்பாங்களாம்."

"வர்ற ஆடிக்கு இன்னாத்த அடிப்பே, தகர டின்னா? என் பொணத்தத் தாண்டித்தான் அது இந்த ஊட்ட வுட்டுப் போவும். சொல்ட்டேன்."

நான் சும்மா கத்தவில்லை. மாமனார் செங்கல்வராயன் பம்பையைத் தொட்டால் காட்டுப்பாக்கத்திலிருந்து ஆவடி வரைக்கும் சனம் ஓடி வரும். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று சேர்த்துக் கட்டிய அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் அம்மனை அழைத்தால், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரிக்கும் சாமி வந்துவிடும். அவர் போய் மூன்று வருஷமாகிவிட்டது. இப்போது ஆடி மாதத்தில் அம்பத்தூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்காரர்தான் அதை அடிக்கிறார். அப்பன் வாசிப்பில் கால்வாசிதான். ஆனால் சத்தம் அதே சத்தம். அதைக் கேட்கும்போது மாமனார் உள்ளே நுழைகிற மாதிரியே இருக்கும்.

வாக்குக் கொடுத்தவர் தேதியைப் பார்த்தாரா? இல்லை. மியூசியம் ஜீப் வந்து நின்ற நாளுக்கு முந்தின நாள்தான் ஊரில் காப்புக் கட்டியிருந்தோம். ஆளுக்குக் கட்டுவதுபோலப் பம்பைக்கும் கட்டுவோம். காப்புக் கட்டின பம்பை, அதை அவிழ்க்கிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மியூசியம் திறப்பு விழாவோ அந்த வாரக் கடைசியில். என் வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். நல்லா வேணும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளுப்பு.

காப்புக் கட்டுக்காக வந்திருந்த வேம்புலி மாமாதான் அவரைக் காப்பாற்றினார். ஆயுசு பூராவும் என் மாமனார் பக்கத்தில் நின்று வாசித்தவர். போன வருஷம் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அதனால் அவர் பம்பைக்குக் காப்பும் இல்லை.

"என்னுத எடுத்துக்கினு போவட்டும்டா கோவிந்தா. ரெண்டும் ஒரே கை செஞ்சது. காப்பு அவுத்ததும் மாத்திக்கினா போச்சி. அது இல்லாங்காட்டி எனக்குத் தூக்கம் வராது, அவ்ளோதான். டெய்லி இந்த எடது கையால ஒரு தட்டு தட்டிட்டுத்தான் படுக்கிறது."

"காப்பு அவுத்த மறுநாளே உங்க பம்பை உங்க ஊட்ல இருக்கும் மாமா. இது என் வாக்கு" என்றேன்.

அன்றைக்கே ஜீப் அவர் வீட்டுக்குப் போய், அவர் பம்பையை மாமனார் பேரில் ஏற்றிக்கொண்டு போனது. சொன்னபடியே காப்பு அவிழ்த்த மறுநாள் மூன்று பேரும் மியூசியத்துக்குக் கிளம்பினோம். மாமனார் பம்பையைப் புதுத் துணியில் சுற்றி நான்தான் மடியில் வைத்திருந்தேன். கொடுத்த வாக்குக்காக அதைப் பறிகொடுக்கப் போகிறோமே என்று வழியெல்லாம் எனக்கு அழுகை.

மியூசியம் அதிகாரி பக்தவத்சலம் தங்கமான மனுஷர். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். துணியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"இது நேத்து வரைக்கும் அடிச்ச பம்பைம்மா. தோல் புதுசு. அவரோட ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்கு."

வந்ததே எனக்குக் கோபம்! "எங்க மாமனார் பம்பை எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? மொதல்ல அந்தப் பொட்டியத் தொற சார்" என்று நான் போட்ட கூச்சலில், வீணை பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோச்சுக்காதீங்கம்மா. மேலே பாருங்க."

கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பெரிதாக ஒரு போட்டோ. ஆவடித் திருவிழாவில் என் மாமனார் கண்ணை மூடி வாசிக்கிறார். அவர் பேரை ஊரெல்லாம் கொண்டுபோன வாசிப்பு அது. இடுப்பிலிருந்த பித்தளையில் நன்றாகத் தெரிகிறது ஒரு நசுங்கல். பெட்டிக்குள் இருந்த வேம்புலி மாமாவின் பம்பையிலும் அதே நசுங்கல். 'நெடுங்கால வாசிப்பின் தழும்பு' என்று கீழே எழுதியும் வைத்திருந்தார்கள். போட்டோவில் மாமனாருக்குப் பக்கத்தில் வேம்புலி மாமா வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"இன்னா மாமா இது?"

அவர் தலையைச் சொறிந்தார். "தழும்பும் இல்ல, ஒண்ணும் இல்லமா. என் மவ கொயந்தைல அம்மிக் கொயவியப் போட்டு நசுக்குனா. அன்னிக்கி ஆவடில அண்ணனுது தோலு கியிஞ்சி பூட்ச்சி. அழைச்ச ஆத்தா பாதி வயில நிக்கிறா. என்னுத அவுத்துக் கட்டி வுட்டேன்."

"இத்தினி வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே!"

"இன்னாத்த சொல்றது? அடிச்சது அண்ணன்தானே."

நாங்கள் பெருமை அடித்துக்கொண்ட அந்த ஒரு நாளில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது இந்த மனுஷர். வீடு தேடி வந்தால் ஒரு டம்ளர் டீ கொடுத்து அனுப்பியதைத் தவிர நாங்கள் அவருக்கு என்ன செய்தோம்?

பக்தவத்சலம் பெட்டியின் சாவியை எடுத்து நீட்டினார். "உங்க பொருள் ஐயா. வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

வேம்புலி மாமா இடது கையைக் கண்ணாடியில் வைத்தார். "வாணாம் சார். என் பம்பைமேல அண்ணன் பேரு கீது. இருக்கட்டும்."

"அப்ப இவரு பேரையும் எழுது சார்" என்றேன். "பம்பை வேம்புலியோடது, வாசிச்சது செங்கல்வராயன்னு எழுது." பக்தவத்சலம் அப்போதே ஒரு அட்டையில் எழுதி உள்ளே வைத்தார். அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திரும்பும்போது முதலில் திருவேற்காட்டில் வேம்புலி மாமாவை விடப் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் அவருடைய இடது கை முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தது. இன்று ராத்திரி இவர் எதைத் தட்டிவிட்டுப் படுப்பார்?

அவர் வீட்டுச் சுவரில் ஆணி காலியாக இருந்தது. மடியில் வைத்துக் கொண்டு வந்த பம்பையை அதில் மாட்டினேன்.

"இன்னாடி பண்றே?" என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, கயிறு சரியாக இருக்கிறதா என்று அவரே இழுத்துப் பார்த்தார்.

"ஆடிக்கு காப்புக் கட்டுறதுக்கு முந்தி வந்து வாங்கிக்கினு போறோம் மாமா. மத்த நாளு பூரா இது இங்கதான்."

"ஐயோ, இது அண்ணனுதுமா!"

"அந்த நாளு நீங்க குடுக்கலன்னா அண்ணன் ஏது, பேரு ஏது மாமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது கையால் பித்தளையில் ஒரு தட்டு தட்டினார். மாமனார் உள்ளே நுழைகிற அதே சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அவர் காலில் விழுந்தோம்.