தூலோன் துறைமுகத்தில் ராயப்பன்

விழுப்புரத்தில் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த நான், வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரைதான் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது.

1998. எங்கள் ஊர் கண்டமங்கலத்தில், மாதா கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். எனக்கு எதிர்வீட்டு ராயப்பன் ஞாபகம் வந்தது. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, தூலோன் என்ற துறைமுக நகரத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்த நகரத்தின் வரலாற்றை அவரிடம் கேட்டே எழுதிவிடலாமென்று நோட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? கப்பல் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தேன். லீவு நாள்ல மார்க்கெட்டுக்குப் போவேன், மீன் வாங்குவேன். அவ்ளோதான்."

வெங்காயத்தை வைத்து என்ன வரலாறு எழுதுவது? புத்தகங்களைப் புரட்டினேன். 1942 நவம்பரில், ஜெர்மன்காரன் கையில் சிக்கக் கூடாதென்று பிரெஞ்சுக்காரர்களே தங்கள் போர்க்கப்பல்களை அந்தத் துறைமுகத்தில் வெடிவைத்து எரியவிட்டு மூழ்கடித்திருக்கிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. 'அந்தப் புகையைத் தன் கண்ணால் கண்டவர் நம்மூர் ராயப்பன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வருடம் அவருக்கு நான்கு வயது. அது எனக்குத் தெரியும். கண்டமங்கலத்தில் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற திமிர்.

மலர் வந்த அன்றே ராயப்பன் கேட்டார்.

"நான் இப்டிச் சொல்லலியே சார்?"

"உங்களுக்குப் பெருமைதானே, வுடுங்க" என்றேன்.

அவருடைய மகள் இருதயசெல்விக்குப் புதுச்சேரியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. தடை ஒன்றும் வராமல் மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள், மாப்பிள்ளையின் அப்பா சவரிநாதன் மலரும் கையுமாக வந்து இறங்கினார். அவரும் தூலோனில் வேலை பார்த்தவர். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நாப்பத்திரண்டுல உங்களுக்குப் பால் பல்லு வுழுந்துச்சா சம்பந்தி? அன்னிக்கு அங்க ஆளுங்க செத்துருக்காங்க. அதுலயா பேரு வாங்குறது? இதுலயே பொய்னா, பொண்ணப் பத்தி நீங்க சொன்னதுல எத நம்புறது?"

வாசலில் தெருவே கூடி நின்றது. கதவோரம் இருதயசெல்வி அழுதுகொண்டிருந்தாள். 'நான்தான் இட்டுக்கட்டினேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் சொல்லவில்லை. வரலாற்று வாத்தியார் பொய்யன் என்று ஊர் பேசுமே என்ற ஒரே பயம்தான்.

ராயப்பன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சவரிநாதனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சார் மேல தப்பில்லீங்க. நான்தான் வீம்புக்குச் சொல்லிட்டேன். அவரு நம்பி எழுதிட்டாரு. பொண்ணு மேல ஒரு கொறையும் கெடையாதுங்க. மன்னிச்சிக்குங்க."

சவரிநாதன், "இந்த வயசுல இது தேவையா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மறுநாள் மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணப் பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து ராயப்பனே பரிமாறினார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், "இன்னா பெரியவரே, இங்க ஏதாச்சும் புகை தெரியுதா?" என்று அவரைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற அவரும் சிரித்தார்.

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.