நோயாளி இல்லாத வீடு

பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் அஸீஸ் நானா காலையிலிருந்து முற்றத்தில் இறங்குவதும் கூரையைப் பார்ப்பதுமாகவே இருந்தார். ரெண்டு நாள் பேய்மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கூரை முழுக்கச் சோலர் தகடு. வீட்டிலோ ஒரு பல்ப் எரியவில்லை. தெமோதரைப் பக்கம் மண் சரிந்து கரண்ட் கம்பமெல்லாம் விழுந்து கிடக்கிறது. லைனில் கரண்ட் நின்றால் கூரைச் சோலரும் தானாக நின்றுவிடும், கம்பி திருத்துகிறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதல்லவா? பேட்டரி இருந்தால்தான் வீடு தப்பும். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே மனைவி ஜெனீரா கட்டிலில் ரெண்டு கையையும் ஊன்றி மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். நுரையீரல் வியாதி. ஒக்சிஜன் மெஷின் காலடியில் சும்மா கிடந்தது. கையிருப்புச் சிலிண்டர் விடியும்போதே தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி ரோட்டிலும் மண்.

போன வருஷம் வீட்டுச் சோலர் திட்டத்துக்கு விண்ணப்பம் கொண்டு வந்தவர் இன்பாஸ். "வீட்ல மெஷின நம்பி இருக்கிற நோயாளி யாரும் இருந்தா பேட்டரி சும்மா தாறாங்க நானா. யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார். வேறு ஆள் கேட்டிருந்தால் அஸீஸ் உண்மையைச் சொல்லியிருப்பார். இன்பாஸோ, மகள் ஷிப்னாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன். தாய்க்கு வியாதி என்றால் மகளுக்கும் வரும் என்று பேச நாலு வாய் உண்டே! "இல்ல, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார் மனுஷன், கூசாமல். உள்ளறையில் மெஷின் உறுமிய சத்தத்தைப் பழைய ஃப்ரிட்ஜ் என்றும் சொல்லி வைத்தார். ஜெனீராவிடம் பேட்டரிப் பேச்சையே எடுக்கவில்லை.

தெருவில் பேட்டரி உள்ள ஒரே வீடு இப்போது மாப்பிள்ளை வீடு, சொந்தக் காசில் போட்டது.

"அங்க வேணாம்," ஜெனீரா திக்கித் திக்கிச் சொன்னாள். "புள்ளட வாழ்க்க... பின்னேரம் கரண்ட் வந்துரும்."

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, பொறுத்துப் பார்க்கலாமோ என்று அஸீஸுக்கு ஒரு கணம் தோன்றியது, வெட்கங்கெட்ட மனசு.

ஷிப்னா மெஷினைத் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உம்மாவ தூக்குங்க வாப்பா."

நாலு வீடு தள்ளி, மாப்பிள்ளையின் தாய் ஷாகிரா கதவைத் திறந்தார். ஒரு பார்வைதான். தன் ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷினைக் கொழுவினார். கால் மணி நேரத்தில் ஜெனீராவின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அஸீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"எவ்வளவு காலமா இப்படி?" ஷாகிரா கேட்டார்.

"நேத்து மழையில இருந்துதான்..." அந்த நேரத்திலும் அஸீஸ் வாயிலிருந்து பொய் தானாக வந்து விழுந்தது.

"ரெண்டு வருஷம் மாமி," என்றாள் ஷிப்னா.

ஷாகிரா முகத்தைச் சுளித்தார். "அப்ப ஏன் பேட்டரி வாங்கல? நோயாளிக்குச் சும்மா குடுத்தாங்களே. இன்பாஸ் வந்து கேக்கலயா?"

ஜெனீரா தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். குழாயை மூக்கில் சரிசெய்துகொள்ள அவளுக்கு ஒரு கை போதும். மற்றக் கையையும் அவர் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.