அரசர் கரண்டியை வைத்தால்

நாட்டை இழந்தாலும் அரசர் அரசர்தானே! புலம்பெயர்ந்து வந்து வாழ்ந்த றிச்மண்ட் ஹில் வீட்டிலும் அவருக்குச் சமையற்காரர், சாரதி, பரிமாறுகிறவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அத்தனை பேரையும் கட்டி மேய்ப்பது செயலாளர் நிரோஷினியின் வேலை. அங்கே மாறாத சட்டம் ஒன்று உண்டு. அரசர் கரண்டியைக் கீழே வைத்தால் மேசையில் எல்லாருடைய சாப்பாடும் முடிந்தது. நிரோஷினி தலையை அசைப்பாள், தட்டுகள் போய்விடும்.

அவளுடைய மகள் நடாஷாவின் நிச்சயதார்த்த விருந்துக்கு அரசர் தானே வருவதாகச் சொன்னார். பரிமாறத் தன் ஆட்களையும் அனுப்பினார். நிரோஷினிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரேயொரு பயம், மாப்பிள்ளையின் தகப்பன் யேசுரட்ணம். மனிதர் பொல்லாத ரோசக்காரர். வாசலில் நின்று வரவேற்கவில்லை என்று மூத்தவனுக்குப் பேசிய சம்பந்தத்தையே குழப்பியவர்.

வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் ஆட்டுக்கறி கமகமத்தது. நீரிழிவுக்காரரான அரசர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். அன்று நிரோஷினி பெண்ணின் தாய். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? தலையை அசைத்துவிட்டாள்!

கண் மூடித் திறப்பதற்குள் தட்டுகள் பறந்தன. எலும்பை எடுக்க நீட்டிய யேசுரட்ணத்தின் கை வெறும் மேசை விரிப்பில் போய் நின்றது.

"தின்னுற கோப்பையைப் பறிக்கினமோ?" கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மகனைப் பார்த்து, "எழும்படா, போவம். உந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

நடாஷாவின் முகம் வெளிறிப்போயிற்று. நிரோஷினி ஓடிப்போய் யேசுரட்ணத்தை மறித்தாள்.

"ஐயோ அண்ணை, என்ர பிழை. அவர் கரண்டியை வச்சா எல்லாற்ற கோப்பையும் எடுக்கிறதுதான் எங்கட வேலைமுறை. யோசியாமல் செய்துபோட்டன்."

"அப்ப நாங்களும் உங்கட ராசாவின்ர வேலைக்காரரோ?"

தமிழ் விளங்காவிட்டாலும் அரசருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"என்னுடைய தட்டு எங்கே, நிரோஷினி? நான் இன்னும் முடிக்கவில்லையே" என்று மண்டபமே கேட்க ஆங்கிலத்தில் சொன்னார்.

எல்லாருக்கும் புதுத் தட்டு வந்தது. யேசுரட்ணம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா விடுவாரா? ஆறுதலாகச் சாப்பிட்டார். திரும்பவும் சோறு கேட்டார். எலும்பை ஒவ்வொன்றாக உறிஞ்சினார்.

அரசர் கரண்டியை வைக்கவேயில்லை. வைத்தியர் விலக்கிய சோற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கியபடி யேசுரட்ணத்தின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பார்க்கப் பார்க்க நிரோஷினிக்கு அழுகை வந்தது.

யேசுரட்ணம் ஒருதரம் நிமிர்ந்து அரசரைப் பார்த்தார். பிறகு தன் தட்டைத் தானே தள்ளி வைத்தார்.

"காணும், சம்பந்தி. நான் முடிச்சிட்டன். அந்த மனுசனை எழும்பச் சொல்லுங்கோ, பாவம்."