கலை எண்ணெய்

காலை பதினொரு மணிக்குக் கிரேன் வந்து கடை வாசலை அடைத்து நின்றது. என் கொழுந்தன் மகன் மகேஷ்குமார் சொன்னபடியே செய்துவிட்டான். மாடியில் இருக்கும் நியான் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிவகாசியில் செய்த எல்இடி போர்டை மாட்டப் போகிறான். புதுசில் 'எம்.கே. ஆயில்ஸ்' என்று இருந்தது.

பழசில் சிவப்புக் குழாயால் எழுதியிருப்பது 'கடலை எண்ணெய்'. 'ட' அணைந்து இருபது வருடமாகிறது. பொழுது சாய்ந்தால் விருதுநகருக்கே அது 'கலை எண்ணெய்'தான். கண்டக்டர்கள்கூட "கலையெண்ணெ எறங்கு" என்பார்கள். அப்படியானால் கடையில் உட்கார்ந்திருப்பவள் கலையாகத்தானே இருக்க வேண்டும்? காரியாபட்டி வியாபாரிகள் வரைக்கும் நான் கலையக்கா. சண்முகத்தாய் என்ற பெயர் ரேஷன் கார்டோடு சரி. என் வீட்டுக்காரர் போன பிறகு மில் மகேஷிடம் போனது, லாரி போனது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர் ஊர் எனக்குப் போட்டது. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன். பட்டப்பகலில் போர்டு எரிந்தது. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிப் பெல்ட் கட்டிக்கொண்டிருந்த கிரேன்காரர் பலவேசம் மாடியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி வந்தார்.

"ஆயிரக்கணக்குல வோல்ட்டு ஓடுது. நான் தொட மாட்டேன்."

"வெளையாடாதீக பெரியம்மா. எளுத்தே தப்பா எரியுற போர்டு. ஊரே சிரிக்குது" என்றான் மகேஷ்.

"சிரிச்சுக்கிட்டேதாம்லே இம்புட்டு நாளும் எண்ணெ வாங்குனாக."

அவன் நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் பியூஸைப் பிடுங்கினான். போர்டின் ரீங்காரம் நின்றது, கடையில் ஃபேனும் நின்றது. "இனி என்ன, தூக்குங்க" என்றான், ஜெயித்தவன் குரலில்.

வந்த கோபத்தில் முழங்கால் வலி மறந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். போர்டுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரில், ரோட்டுப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். ஆலங்குளம் பஸ் அப்படியே நின்றது. ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"கலையக்கா, விளுந்துறாதீக!" என்று பஸ்ஸிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"எறங்குங்க பெரியம்மா, மானம் போகுது!"

"யாரு மானம்லே?"

கிரேன் கொக்கி என் முகத்துக்கு நேராக வந்து ஆடிக்கொண்டிருந்தது. பலவேசத்தின் கை லீவரில் இருந்தது, கண் என்மேல் இருந்தது. எட்டி அந்தக் கொக்கியைப் பிடித்தேன். வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. நான் விடவில்லை.