பூட்டக்காவின் இடப்பக்கமும் வலப்பக்கமும்

பூட்டக்காவுக்குத் தன் வேலையின் மேல் சந்தேகம் வந்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, அதுவரை அவள் செய்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பூட்டுகளும் ஒரே நொடியில் திறந்துகொண்டன. அன்று தக்காளி விலை சற்று ஏறியிருந்தது, வெயில் சுமார். பல் மருத்துவரின் பின்கதவு தானாகத் திறக்க, நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்த ஒருவர் அதையே சாக்காக வைத்து எழுந்து ஓடிவிட்டார். பறவைக் கடையிலிருந்து நாற்பது கிளிகள் வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் எதிர்க்கடைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு வீட்டில் மருமகளுக்குத் தெரியாமல் மாமியார் பூட்டி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவும், மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் பூட்டி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவும் ஒன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. திருட்டு மட்டும் எதுவும் நடக்கவில்லை. இத்தனை வீடுகள் திறந்து கிடந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று திருடர்களுக்கே குழப்பம் என்று பேசிக்கொண்டோம்.

பூட்டக்கா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைத்தெரு முனையில் அவளும் அவள் அண்ணனும் ஒரே பட்டறையில் ஆளுக்கொரு மேசை போட்டுப் பூட்டு செய்தார்கள். அண்ணன் நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் தங்கை ஒரு பூட்டை முடித்துத் துடைத்து வைத்தால் போதும், அவருடைய கை நீளும். "கொடு, நான் ஒரு தடவ பாத்துடறேன்." வாங்குவார், திருப்புவார், காதில் வைத்துக் கேட்பார், "சரியாத்தான் இருக்கு" என்று திருப்பித் தருவார். பதினோரு வருடத்தில் ஒரு பூட்டில்கூட அவர் குறை கண்டதில்லை. குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலாம், திருத்திக்கொண்டிருப்பாள். அவர் செய்த பூட்டுகளுக்கோ ஒரு தனிக்குணம் உண்டு. சாவியை நான்கு முறை திருப்பினால்தான் திறக்கும். அது அவருடைய தொழில் நுணுக்கம் என்று ஊர் நினைத்தது, அவரும் மறுக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது பூட்டக்காவின் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். அவள் பூட்டிய கதவுகளெல்லாம் திறந்து கிடப்பதை ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "மூணே கால் மணிக்கு நீ என்ன நெனச்ச?" அவள் சொன்னாள். "அண்ணன் பாத்தாத்தான் சரின்னா, நான் பாத்தது எதுக்குன்னு நெனச்சேன். நமக்கு இந்த வேலை வரலையோன்னு நெனச்சேன்." அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அவள் நெஞ்சில் என்ன ஓடுகிறதோ அதைத்தான் பூட்டுகள் செய்கின்றன என்பதில் அவருக்கு அதன்பிறகு சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்த மூன்று வருடங்களில் இப்படிப் பதினேழு முறை நடந்தது. பெண்கள் விடுதியின் வாயிற்கதவு திறந்தது, நூலகம் விடுமுறை நாளில் திறந்தது, சைக்கிள்கள் சங்கிலியை உதறிவிட்டு நின்றன. அவள் பூட்டுகளைத் தந்திக் கம்பியால் கட்டி வைத்தவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு, ஆனால் முகத்துக்கு நேரே இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவள் நம்பிக்கை இன்னும் ஒரு படி இறங்கும். அது இறங்கியதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் திறக்கும். கடைசியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அவள் தொழிலையே விட்டுவிட வேண்டும், அவள் மேசைக்குச் சீல் வைக்கப்படும். பூட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத கை அது.

வழி பிறந்தது ஒரு தவறால். பூட்டுப் பட்டறையில் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். சாவி தொலைந்தால் நகல் செய்வதற்காக, பூட்டின் எண், சாவியின் பற்கள் எத்தனை, ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம், எல்லாம் அதில் இருக்கும். எண்ணெய்க் கையில் பேனா மை ஒழுகும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவார்கள். பூட்டக்காவின் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், குளிக்கும்போது மட்டும் எடுப்பாள். ஒருநாள் ஐந்நூற்று ஆறாம் எண் பூட்டுக்கு ஆழம் குறிக்கும்போது, மனசு எங்கேயோ இருக்க, கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதிலாக இப்படி எழுதிவிட்டாள்: அரத்தால அதிகமா ராவிட்டேனோ, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ. அந்த நேரம் ஊர்க்கதவுகள் திறக்க ஆரம்பித்திருந்தன. அவள் எழுதி முடித்ததும், திறந்துகொண்டிருந்தவை பாதியில் நின்று, யோசித்து, மறுபடி மூடிக்கொண்டன. கணவர் பேருந்தை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் போன் செய்தார். "இப்ப என்ன பண்ண?" "தப்பா எழுதிட்டேன்." "அப்ப தப்பா எழுதிக்கிட்டே இரு," என்றார். பாதிக் கதவு திறந்ததை நகராட்சியும் ஒரு முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். முதல் வாரம் பயத்தை மட்டும் எழுதினாள். எழுத எழுத அது பக்கம் பக்கமாக நீண்டது, நோட்டும் பூட்டை உலுக்குவதுபோல் சடசடவென்று சத்தம் போட்டது, பட்டறைக்கல்லை அதன் மேல் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் வாரம் அவளுக்கே கோபம் வந்துவிட்டது. பயம் மட்டும்தான் பேசுமா, நான் பேசக்கூடாதா என்று பக்கத்தை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கத்தில் பயம் சொல்வது, வலப்பக்கத்தில் கை கண்டது. இடப்பக்கம்: சுருள்வில் தளர்ந்திருக்கும். வலப்பக்கம்: முப்பது முறை அழுத்திப் பார்த்தேன், தளரவில்லை. இடப்பக்கம்: பல் மருத்துவர் இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பூட்டு பிடிக்கவில்லை போலும். வலப்பக்கம்: அவர் யாரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்? இதை எழுதியபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, மேசைமேல் இருந்த பூட்டுகளும் லேசாகக் குலுங்கின. காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று இரண்டு வருடங்களில் ஒன்பது நோட்டுகள் நிறைந்தன. ஒரு பூட்டும் தானாகத் திறக்கவில்லை. கம்பி கட்டியிருந்தவர்கள் கம்பியை அவிழ்த்தார்கள். ஊரில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் எழுதிப் பார் என்று சொல்லுமளவுக்கு ஆயிற்று. கடைக்காரர் கோடு போட்ட நோட்டுகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்.

அப்போதுதான் மிருகக்காட்சி சாலையில் புதிய சிங்கக் கூண்டு கட்டினார்கள். அதன் பூட்டைப் பூட்டக்காதான் செய்ய வேண்டும் என்று கண்காணிப்பாளர் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஊரே மூக்கில் விரல் வைத்தது. அவர் சொன்ன நியாயம் இது. "நானூறு பூட்டும் ஒரே நொடியில திறந்துச்சுன்னா, நானூறையும் அவ்வளவு ஒரே மாதிரி செஞ்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? அந்தக் கை யாருக்கு வரும்?" பூட்டக்கா இதைக் கேட்டபோது கையில் இருந்த அரத்தைக் கீழே போட்டாள். முதல்முதலாகத் தன் பெயரில் மட்டும் வந்த வேலை. ஐந்து வாரம் உட்கார்ந்து ஒரு பூட்டு செய்தாள், தேங்காய் அளவு, தூக்கினால் தோள் இறங்கும். பத்தாவது நோட்டும் தீர்ந்து பதினொன்றாவது ஆரம்பித்தது. அண்ணன் அந்த ஐந்து வாரமும் தன் மேசையிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பூட்டு முடிந்த அன்றே கண்காணிப்பாளர் அம்மா வந்து எடுத்துப் போய்விட்டார், அண்ணனின் கை நீளுவதற்கு நேரமே இல்லை.

திறப்பு விழா காலை பதினொரு மணிக்கு. ஊரில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் கூண்டின் முன்னால்தான். கிளிகள்கூட வந்திருந்தன. பூட்டக்கா புதுச் சட்டை போட்டு, தலை வாரி, நோட்டை மட்டும் வேண்டுமென்றே பட்டறையில் விட்டு வந்திருந்தாள். இத்தனை பேர் முன்னால் நோட்டைப் பிரித்து எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். சிங்கத்தை உள்ளே விட்டார்கள். பூட்டு விழுந்த சத்தம் எடுப்பாக இருந்தது, கைதட்டல் மழை பொழிந்தது, அவள் முகம் மலர்ந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கையை நீட்டினார். "சாவியக் கொடும்மா. நான் ஒரு தடவ பாத்துடறேன்." தேங்காய் அளவுப் பூட்டு க்ளக் என்றது. அதே நொடியில் ஊரில் அவள் செய்த அறுநூற்றுச் சொச்சம் பூட்டுகளும் திறந்துகொண்டன. கூண்டின் கதவு மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்தது, சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, வெளியே வந்தது.

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிங்கம் அவசரப்படவில்லை. கண்காணிப்பாளர் அம்மாவைச் சுற்றி வந்தது, ஒலிபெருக்கியை முகர்ந்தது, பிறகு அண்ணனின் முன்னால் வந்து நின்று அவருடைய நீட்டிய கையை முகர ஆரம்பித்தது. அவருக்குக் கையை மடக்கவும் தெரியவில்லை. பூட்டக்கா காதிலிருந்த பென்சிலை உருவினாள். நோட்டு இல்லை. கூண்டுக் கதவில் பூட்டு மாட்டும் இரும்புத் தகட்டுக்கு முந்தின நாள்தான் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதில் எழுதினாள். இடப்பக்கம்: பூட்டின் நாக்கு சரியாக இறங்கியிருக்காது. வலப்பக்கம்: சுத்தியலால் அறுபது அடி அடித்தேன், அசையவில்லை. திறந்த பூட்டும் அசையவில்லை. மறுபடி எழுதினாள். சுருள்வில், திருகாணி, எண்ணெய் என்று மளமளவென்று எழுதினாள். எல்லாம் சரி, எல்லாம் உண்மை, ஆனாலும் கதவு மூடவில்லை. சிங்கம் அண்ணனின் சட்டைப் பொத்தானை நக்கியது. பதினோரு நோட்டு எழுதியும் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை பக்கங்களிலும் அண்ணன் என்ற சொல்லே இல்லை. எழுதினாள். இடப்பக்கம்: அண்ணன் கையை நீட்டும்போதெல்லாம் நான் பார்த்தது பார்த்ததாகவே ஆகாது என்று தோன்றுகிறது. சந்தேகம் பூட்டின் மேல் இல்லை, என் மேல். பென்சில் முனை உடைந்தது. பல்லால் கடித்துக் கூராக்கிக்கொண்டு வலப்பக்கம் எழுதினாள்: இந்தப் பூட்டை நான் பார்த்தேன். நான் பார்த்தது போதும்.

சிங்கம் திரும்பிப் பார்த்தது. அவளை உரசிக்கொண்டு, இடித்துத் தள்ளாத குறையாக, கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கதவு தானாக வந்து சேர்ந்தது, பூட்டு விழுந்தது. அந்தச் சத்தத்தோடு ஊரின் மற்றக் கதவுகள் விழுந்த சத்தமும் கேட்டது, தெருத் தெருவாக, நெடுநேரம். பிறகு எழுந்த கூச்சலில் கிளிகள் எல்லாம் பறந்து போயின. கணவர் பேருந்திலிருந்து குதித்து ஓடிவந்து, பயணிகளை நட்ட நடு வழியில் விட்டுவிட்டு, அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். விழாவுக்கு வந்திருந்த நகராட்சிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திறந்ததற்கு ஒன்று, மூடியதற்கு ஒன்று, கணக்கு நேராகிவிட்டது என்று அறிவித்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. கூண்டுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்தத் தகட்டை மட்டும் விட்டுவிட்டு.

அண்ணன் ஒரு வாரம் பட்டறைக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்து, தங்கையின் மேசை ஓரத்தில் நின்று, ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டே பேசினார். "உன் மேல நம்பிக்கை இல்லாம பாக்கலம்மா. என்னோடதயும் நான் நாலு தடவ பாப்பேன். பாத்தாலும் மனசு ஆறாது. எல்லாத்தயும் பாத்துட்டே இருந்தா எங்கயாவது ஒரு நாள் ஆறும்னு நெனச்சேன்." பூட்டக்கா பன்னிரண்டாவது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் நடுக்கோடு போட்டு அவரிடம் நீட்டினாள். "இடப்பக்கத்துல பொய் எழுதினாலும் பரவால்ல. வலப்பக்கத்துல பொய் எழுதக் கூடாது," என்றாள். அவர் உட்கார்ந்து எழுதினார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினார். மறுநாள் காலையிலிருந்து, ஊரில் அவர் ஏற்கெனவே செய்திருந்த பூட்டுகள் எல்லாம் ஒரே திருப்பில் திறக்கின்றன. முதல் சில நாட்கள், பழக்க தோஷத்தில் நான்கு முறை திருப்பித் திறந்த கதவை மறுபடி பூட்டிக்கொண்டு, வாசலில் நின்று சண்டை போட்டவர்கள் பலர். பிறகு பழகிவிட்டது.

இப்போதும் பூட்டக்கா ஒரு பூட்டை முடித்துத் துடைத்து வைக்கும்போது, எப்போதாவது அண்ணனின் கை தன்னையறியாமல் நீளும். அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்து அந்தக் கையில் வைப்பாள், அவர் வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போவார்.