ஹிந்தோளத்தின் மீது விழுந்த பழி

நாயுடுபுரம் தண்டாயுதபாணிக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே வந்தது கிடையாது. ஒன்று, விதைக்கிழங்கு. கையில் எடுத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், முளைக்குமா முளைக்காதா என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, தன்னுடைய காது.

சாயங்காலம் விதைக்கடையைப் பூட்டிவிட்டு வந்தாரென்றால் முன்னறை நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். அதில் வயலின். வயலினிலும் ஒரே ஒரு வித்துவான்தான். எப்போதோ காலமாகிவிட்ட அந்தப் பெரியவரின் பழைய ஒலிப்பதிவுகள் அறுபத்து மூன்று அவரிடம் இருந்தன. மற்ற வாத்தியங்களுக்கு அந்த வீட்டில் அவ்வளவாக மரியாதை இல்லை. புல்லாங்குழல் கேட்டால் தூக்கம் வருகிறது என்பார். சாக்ஸபோன், சளி பிடித்த நாதஸ்வரம். நாதஸ்வரம் பெரிய வாத்தியம்தான், ஆனால் அதை வீட்டுக்குள் வைத்துக் கேட்பது யானையைக் கட்டிலுக்கடியில் கட்டிப்போடுகிற மாதிரி. மிருதங்கத் தனி வந்தால் எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைப்பார்.

பீன்ஸ் விதை வாங்க வந்தவர்களும் தப்பியதில்லை. "பெரியவரோட மோகனத்தக் கேட்டுப் பாருங்க. வில்லு மேல போகும், அடியில ஒரு கனம் கூடவே வரும். பூமிக்குள்ளருந்து வர்ற மாதிரி. அந்த வில்லு வேற எவனுக்கும் கைவராது" என்பார். சில சமயம் அந்தக் கனம் பட்டென்று நின்றுபோய், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வரும். அதற்கும் பதில் வைத்திருந்தார். "மேதைங்க அப்பிடித்தான். நடுவுல நம்மள ஏங்க விடுவாங்க."

ஒரு ராகம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. ஹிந்தோளம். அதே வித்துவான் வாசித்திருந்தாலும், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் கோணிவிடும்.

அதனால் குடும்பமே இரண்டுபட்டுப் போயிருந்தது. மனைவி அன்னக்கொடியின் அண்ணன் மயில்சாமி பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஹிந்தோளம் என்றால் உயிர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலுக்கு வந்தவர், அந்தப் பெரியவரின் ஹிந்தோளத்தையே போட்டுவிட்டு, ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"மச்சான், அத அமத்துங்க. என்னமோ இடிக்குது" என்றார் தண்டாயுதபாணி.

"என்னத்த இடிக்குது?"

"ராகந்தான். அரைகுறை ராகம்."

"இடிக்கிறது ராகமில்ல மாப்ள, ஒங்க காது. அதுல பஞ்ச அடைச்சுட்டு வெதை யாவாரத்த மட்டும் பாருங்க!"

அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மயில்சாமி சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அன்னக்கொடி கொல்லைப்பக்கம் போய் நின்று அண்ணனிடம் போனில் பேசிக்கொள்வாள்.

போன தீபாவளிக்கு அன்னக்கொடி ஃப்ரிட்ஜை மாற்றினாள். சமையலறையில் இடம் போதாததால் பழைய ஃப்ரிட்ஜ் இருபத்திரண்டு வருஷமாக முன்னறையில், கணவரின் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றது. கடைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுசை வைத்தார்கள். "ஓடுதா இல்லையான்னே தெரியல பாருங்க!" என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் மோகனம் செத்துப்போயிருந்தது.

சுரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கனம் இல்லை. வில் வெறுமனே மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, காலில் செருப்பில்லாதவன் பனிப்புல்லில் நடப்பது போல. தண்டாயுதபாணி ஸ்பீக்கரை மாற்றினார். மூடுபனியைத் திட்டினார். கடைசியில் பயந்துபோய் வத்தலக்குண்டுக்கு இறங்கி ஒரு காது டாக்டரிடம் காட்டினார். டாக்டர், இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படிக் காது இருக்காது என்று பாராட்டி அனுப்பினார். கோளாறு எதுவும் இல்லை என்று கேட்டு அவ்வளவு மனசொடிந்து திரும்பிய நோயாளியை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

தை மாதம் கிளாவரையில் ஒரு விவசாயி, கேரட் விதை சரியாக முளைக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்துச் சமாதானம் சொல்லிவிட்டு, திரும்பி வர பஸ்ஸுக்காகப் பாண்டிச்செல்வியின் டீக்கடையில் உட்கார்ந்தார். பொழுது போக வேண்டுமே என்று போனில் மோகனத்தைத் தட்டினார்.

வந்துவிட்டது! அதே கனம், பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரியே. அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. 'காது திரும்பிவிட்டது' என்று முருகனைக் கும்பிட்டபடி தலையைத் திருப்பியவர், முதுகுக்குப் பின்னால் தன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தார். மகள் பள்ளிக்கூடத்துக் காலத்தில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

"இத எங்க வாங்குனம்மா?"

"கொடைக்கானல்லதாண்ணே, பழைய சாமான் கடையில."

"இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு?"

"வெளிய வச்சா வெடியக்குள்ள பால் ஒறஞ்சு போவுதே. இது உள்ள வச்சா ஒறையாது" என்றாள் பாண்டிச்செல்வி. "சத்தந்தான் கொஞ்சம் ஓவரு. ம்ம்ம்னு மொனங்கிக்கிட்டே கெடக்கும்."

தண்டாயுதபாணி ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்தார். ம்ம்ம். பெரியவரின் சுருதிக்கு அது அச்சு அசலான பஞ்சமம், ஏழு சுரத்தில் வருகிற 'ப'. மோகனத்தில் பஞ்சமம் உண்டு, அதனால் அந்த முனகல் ராகத்துக்கு அடியில் மெத்தை மாதிரி விரிந்திருக்கிறது. ஹிந்தோளத்திலோ பஞ்சமம் அறவே கிடையாது. இருக்கக் கூடாத சுரத்தை ஒருவன் பின்னால் நின்று விடாமல் முனகினால் எந்த ராகம்தான் இடிக்காது?

ஹிந்தோளத்தைப் போட்டார். கல் கடித்தது. போனோடு எழுந்து ரோட்டுக்கு ஓடினார். தேனாக இருந்தது. உள்ளே வந்தார். கல். வெளியே போனார். தேன்.

"அண்ணே, ஒண்ணு உள்ள இருங்க, இல்லன்னா வெளிய நில்லுங்க" என்றாள் பாண்டிச்செல்வி. "கதவத் தொறந்து தொறந்து பனியப்பூரா உள்ள விட்டுட்டிங்க."

அவர் வெளியிலேயே நின்றார். பூண்டு வயல்களுக்கு மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஹிந்தோளம் முழுவதையும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். முப்பத்தெட்டு நிமிஷம். இதற்குள் பஸ் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

காய்கறி லாரியில் இடம் பிடித்து வீடு வந்து சேர்ந்தவர், அன்னக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஆறு வருசமா எங்கண்ணன் வீட்டு வாசல நான் மிதிக்காம இருந்தது ஒரு ஃப்ரிட்ஜாலயா?"

"அதோட சுருதி அப்பிடி..."

"அந்த ஃப்ரிட்ஜே எங்கண்ணன் சீருக்கு வாங்கிக் குடுத்ததுங்க!"

இது அவருக்கு மறந்தே போயிருந்தது. மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் அவளோடு பழனிக்கு இறங்கினார். வளைவுக்கு வளைவு மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை மாற்றி மாற்றி யோசித்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தைப்பூச நேரம். அடிவாரம் முழுக்கக் காவடிக் கூட்டம். மயில்சாமி கடையில் விபூதிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்து முகம் மலர்ந்தது, பின்னால் நின்றவரைப் பார்த்துச் சுருங்கியது.

"மச்சான், ஹிந்தோளம் நல்ல ராகம்" என்றார் தண்டாயுதபாணி. யோசித்து வைத்ததெல்லாம் மறந்து இது மட்டும்தான் வாயில் வந்தது.

பிறகு ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னார். மயில்சாமி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் குடுத்த ஃப்ரிட்ஜா?"

"நீங்க குடுத்ததுதான்."

"நான் ஒண்ணு சொல்லட்டா மாப்ள? அன்னைக்கு வந்ததுலருந்து என்னாலயும் அந்த ராகத்தக் கேக்க முடியல. எவன் வாசிச்சாலும் ஒங்க மூஞ்சிதான் முன்னால வந்து நிக்குது."

பிறகு தண்டாயுதபாணி போனை எடுத்து ஹிந்தோளத்தைப் போட்டார். இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடத் தொடங்கின. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, உறுமியும் பறையுமாக ஒரு காவடிக் கூட்டம் தெருவுக்குள் திரும்பியது. வயலின் இருந்த இடமே தெரியவில்லை.

"அடச்சே, இந்தச் சத்தம்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்னக்கொடி அதைக் கேட்கவில்லை. அவள் கடைப்படியிலிருந்து இறங்கி, உறுமிக்காரருக்கு மிக அருகில் போய் நின்றிருந்தாள். குச்சி தோலை உரசி உரசி இழுக்கும்போதெல்லாம் அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சேலைக் கொசுவத்துக்குக் கீழே குதிகால் தாளம் தவறாமல் ஏறி இறங்கியது. கூட்டம் நகர்ந்ததும் அவளும் கூடவே நகர்ந்தாள்.

"இவளுக்கு உறுமி பிடிக்குமா?" என்றார் மயில்சாமி.

"நீங்க அண்ணன், ஒங்களுக்கே தெரியாதா?"

"இருபத்திரண்டு வருசமா நீங்கதானே கூட இருக்கீங்க."

தண்டாயுதபாணி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மனைவி போன திசையில் வெரசாக நடந்தார்.