மூன்றணாப் படுதா

காசு கொடுத்துப் பந்தாட்டம் பார்ப்பவனுக்கு மோட்சம் கிடையாது என்பது அம்மாபேட்டை நெசவாளி வீரபாகு தாமே கண்டறிந்து உலகத்துக்கு அளித்த உண்மை. காற்றுக்குக் காசு உண்டா, நிலா வெளிச்சத்துக்கு உண்டா, தேர் ஓடுவதைப் பார்க்க எவனாவது டிக்கெட் வாங்குகிறானா, அப்படியிருக்க ஒரு தோல் உருண்டைக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் ஓடுவதைப் பார்க்க மட்டும் எதற்கு என்று காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் கேட்பார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவருக்கும் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் போயிருந்தார்கள்.

சேலத்தில் மாசி மாதம் வெள்ளிக் கோப்பைப் பந்தயம் நடக்கும். கடைசி ஆட்டத்தை அமாவாசையன்றுதான் வைப்பார்கள். அமாவாசைக்குத் தறி ஓடாது. ஊரில் பாதிப் பேருக்குக் கை சும்மா இருக்கும் என்று கமிட்டியாருக்குத் தெரியும். கை சும்மா இருப்பவனுக்குப் பையும் சும்மாதான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மைதானத்தைச் சுற்றிப் பனையோலைத் தட்டி கட்டி, ஒரு வாசல் விட்டு, அதில் டிக்கெட் கிழிக்க ஓர் ஆளை நிறுத்துவார்கள். தட்டியில் ஓட்டைகள் இருக்கும். பின்னியவன் விட்டுப்போனவை சில, பொதுஜனங்கள் விரலால் ஏற்படுத்திக்கொண்டவை பல. எந்த ஓட்டை எந்த வீட்டாருக்கு என்பதில் அம்மாபேட்டையில் இதுவரை வழக்கு வந்ததில்லை. நிலபுலன்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வீரபாகுவின் ஓட்டை மேற்குக் கோலுக்கு நேர் பின்னால் இருந்தது. நிமிர்ந்து நின்றால் கண்ணுக்குச் சரியாக வரும். சேலம் டீமின் கோல்கீப்பர் நிஜாமுதீனை அங்கிருந்துதான் அவர் நடத்தி வந்தார். "எடது, எடது", "முன்னால போ சாமி", "அவன் ஏமாத்தறான், நம்பாதே" என்று ஓட்டை வழியாக உத்தரவு போகும். நிஜாமுதீன் பந்தைப் பிடித்தால் அது உத்தரவின் பலன். விட்டுவிட்டால், சொன்ன பேச்சைக் கேட்காததன் பலன். நிஜாமுதீனோ, தட்டிக்குப் பின்னால் வருஷா வருஷம் யாரோ மாட்டுத் தரகில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தத்துவத்துக்கு ஊரில் ஒரே ஒரு விரோதி. ஜட்கா ஓட்டும் நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அரையணா டிக்கெட் காலத்திலிருந்து உள்ளே போகிறவர். ஓரணா ஆனபோதும் முனகாமல் கொடுத்தவர். தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கை தட்டுவார்.

"வாங்க ஜமீன்தாரே," என்பார் வீரபாகு, வாசலில் அவரைக் கண்டதும். "உள்ள போனா பந்து ரெண்டாத் தெரியுமாமே?"

"ஆடறவன் வேர்த்து ஆடறானுங்கண்ணா," என்பார் நாச்சிமுத்து. "ஓரணா குடுத்தா என்னங்க, கொறஞ்சா போயிருவோம்?"

"காசு குடுத்தவனுக்குப் பந்து மேல கண்ணு இருக்காது நாச்சிமுத்து. காசு மேலதான் இருக்கும்."

அந்த வருஷம் தை மாதத்தில் செவ்வாய்ப்பேட்டை நூல் வியாபாரி ஷஃபியுல்லா தெருவுக்கு வந்தார். நிஜாமுதீனுடைய அண்ணன். நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிறவர். அவசர வேலை என்றார். முரட்டு ரகக் காடாத்துணி, பத்துத் தறிக்கு வேலை.

"நெருக்கி அடிக்க வேண்டாமுங்க," என்றார். "சும்மா ஒரு மறைப்புக்குத்தான். வலை மாதிரி இருந்தாலும் போதும்."

வீரபாகு கையிலிருந்த தறி நாடாவைக் கீழே வைத்தார். "வலை வேணும்னா மேட்டூருல மீன் புடிக்கறவங்களைப் பாருங்க பாய். இது அம்மாபேட்டை."

"அட, கோவிச்சுக்காதீங்க. மூங்கில்ல கட்டித் தொங்க விடற படுதா. ஓசியில எட்டிப் பாக்கற கூட்டம் தாங்கலையாம்."

"நாடகக் கொட்டாய்க்குங்களா?"

ஷஃபியுல்லாவுக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. சிரித்துக்கொண்டே நூல்கட்டை இறக்கினார். சிரிப்பை வீரபாகு ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் அவர் நாடகக் கலையின் காவலர் ஆனார். ராஜபார்ட்காரன் விடிய விடியத் தொண்டை கிழியப் பாடுகிறான், அதை ஓசியில் பார்க்கிறவன் திருடன் என்றார். தெருவில் எல்லாத் தறிக்கும் போய்ச் சொன்னார்: வலை மாதிரி வேண்டுமாம், நம்மை என்னவென்று நினைத்துவிட்டார்கள், ஒரு கண் உள்ளே போகக் கூடாது, நெருக்கி அடியுங்கள். பத்துத் தறியும் அடித்தன. குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் பற்றவில்லை. வீரபாகு செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்துபோய் இன்னும் நூல் கேட்டார். நூலை மிச்சம் பிடிக்கும் நெசவாளியைத்தான் ஷஃபியுல்லா அதுவரை பார்த்திருந்தார். நூல் போதாது என்று வந்து நிற்பவரைப் பார்த்ததில்லை. எடுத்துக் கொடுத்தார்.

"யாரோ எட்டிப் பாக்கறான், பாத்துட்டுப் போறான்," என்றாள் வீரபாகுவின் மனைவி சௌந்திரம், நூல் சுற்றிக்கொண்டே. "உங்களுக்கு என்னங்க நட்டம்?"

"களவுக்கு ஒத்தாசை பண்ணச் சொல்றயா?"

"தட்டியில ஓட்டை போட்டுப் பாக்கறது?"

"அது பந்தாட்டம்," என்றார் வீரபாகு. சௌந்திரம் ராட்டையைச் சுற்றினாள்.

துணி முடிந்த அன்று நாலு பேரை நாலு மூலையைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது. தெரு முழுவதும் வந்து பார்த்தது. தாம் நெய்த பாகத்தின் கரையில் வீரபாகு ஒற்றைச் சிவப்பு இழையை ஓட்டியிருந்தார். நன்றாக நெய்த துணிக்கு அவர் செய்யும் அடையாளம். எல்லாத் துணிக்கும் செய்ய மாட்டார்.

அதற்குப் பிறகுதான் காப்பிக் கடைச் சுவரில் பந்தய நோட்டீஸ் ஒட்டினார்கள். தரை டிக்கெட் மூன்றணா. கோப்பை போன வருஷத்தைவிடப் பெரியது, கோலாரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் டீம்கள் ரயிலில் வருகின்றன, இடைவேளையில் பாண்டு வாத்தியம் வேறு என்று காரணங்கள் அச்சிட்டிருந்தன. நாச்சிமுத்து ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தடவையும் மூன்றணாவாகவே இருந்தது.

"பாண்டு வாத்தியம் நமக்கு எதுக்குங்க," என்றார் மெதுவாக. "அத எடுத்துப்போட்டுட்டு ஓரணாவுக்கே விடலாமுல்ல? மூணணான்னா குதிரைக்குப் புல்லு."

வீரபாகுவுக்குப் பரம சந்தோஷம். சொன்னேனா இல்லையா என்று பெஞ்சில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அன்று சாயங்காலம் நாச்சிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டி, மறுபடி அவிழ்த்துக் கட்டி, கடைசியில் கேட்டார்.

"தட்டியில எனக்கும் ஒரு எடம் கிடைக்குமுங்களா?"

கேலி செய்ய வீரபாகு பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது. "எனக்குப் பக்கத்து ஓட்டை உனக்கு," என்றார். "கீப்பர் முதுகு நல்லாத் தெரியும். வெரசா வந்துரு."

மற்ற ஆட்டங்கள் தறி ஓடும் நாட்களில் முடிந்துபோயிருந்தன. சேலத்துக்கும் கோலாருக்குமான கடைசி ஆட்டத்துக்கு, அமாவாசையன்று வெயில் தாழ்ந்த பொழுதில் அம்மாபேட்டைக்காரர்கள் கூட்டமாக மைதானத்துக்குப் போனார்கள். ஓரணாவுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்த பாதிப் பேர் இந்த வருஷம் வெளிக்கூட்டத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஓட்டைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீரபாகு ஏற்றிருந்தார். முனை திரும்பியதும் நின்றார்.

ஓலைத் தட்டியைக் காணோம். அதன் இடத்தில், மூங்கிலுக்கு மூங்கில் இழுத்துக் கட்டி, இரண்டாள் உயரத்துக்கு, வெள்ளைவெளேரென்று படுதா நின்றது. ஒரு சுருக்கம் கிடையாது. அவ்வளவு அழகான துணியை அந்தத் தெருக்காரர்கள் யார் வீட்டுக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

வீரபாகு கிட்டப் போய்க் கரையைத் தடவினார். சிவப்பு இழை ஓடியது. கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்தது.

"ஏனுங்கண்ணா," என்றார் நாச்சிமுத்து பின்னாலிருந்து, "நம்ம ஓட்டை எதுங்க?"

எதிர்வீட்டு ராசப்பன் மடியிலிருந்து நூல் அறுக்கும் கத்தியை எடுத்தான். கண்ணளவு கீறினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். கூட்டத்துக்கு உயிர் வந்தது. கத்தி துணியைத் தொடும் முன் வீரபாகு அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்கண்ணா. நம்ம துணிதானே."

"நம்ம துணிங்கறதாலதான்டா," என்றார். "இன்னும் ஒரு தொவைப்புக் காணல. கன்னித் துணியில கத்தி வெக்கிறவன் நம்ம தெருவுல தறிக்குழியில எறங்கக் கூடாது. போன வருசத்து ஓலையில நீ வாசப்படியே வெட்டிக்க, நான் கேக்கல."

"அப்ப ஆட்டம்?"

உள்ளே விசில் ஊதினார்கள்.

அதன்பின் அம்மாபேட்டை பந்தாட்டத்தைக் காதால் பார்த்தது. தொம் என்று ஒரு சத்தம், ஹோவென்று ஓர் இரைச்சல், அப்புறம் எல்லோரும் சிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியாது. வீரபாகு படுதாவுக்கு முன்னால் கையைப் பிசைந்தார். வழக்கம்போல "எடது" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். எதற்கு இடது, யாருக்கு இடது என்று அவருக்கே விளங்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது, மைதானமே சேர்ந்து விட்டது போல. கோலார்க்காரன் ஒன்று போட்டுவிட்டான் என்று அதற்கு அர்த்தம். நிஜாமுதீன் யார் துணையும் இல்லாமல் நிற்கிறான்.

வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் இங்கயே இருங்க," என்றார். "கமிட்டிக்காரனை நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன். ஏழை பாழை பாக்கறதா வேண்டாமா? பேசித்தான் ஆகோணும்."

"நல்லாக் கேளுங்கண்ணா," என்றது கூட்டம்.

வாசல் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் துண்டு தோளிலிருந்து தலைக்கு ஏறி, பாதி முகத்துக்கு இறங்கியிருந்தது. கேள்விகளை அவர் தயாராகத்தான் வைத்திருந்தார். டிக்கெட் கிழிப்பவர் முந்திக்கொண்டார்.

"பெஞ்சா, தரையா?"

"தரை," என்றார் வீரபாகு, சாமிக்குத் தேங்காயும் சூடமும் வாங்கச் சௌந்திரம் கொடுத்திருந்த காசை நீட்டி. அரைநாள் தறிக் கூலி அது. டிக்கெட்டுக்காரர் அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் டப்பாவில் போட்டது கொஞ்சம் வலித்தது.

உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார். மைதானம் இவ்வளவு பெரியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஓட்டை வழியாகப் பந்து வருவதைப் பார்த்திருக்கிறார், போவதைப் பார்த்திருக்கிறார். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை இன்றுதான் பார்த்தார். அந்தக் கோடியில் ஒருவன் பந்தைத் தட்டிவிடுமுன்பே இந்தக் கோடியில் ஒருவன் ஓடத் தொடங்கிவிடுகிறான். இரண்டு பேருக்கும் நடுவே தறியில் பாவு நூல் நீட்டிக் கட்டியது போல ஏதோ இருக்கிறது. "மறையுதுங்க, உக்காருங்க," என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

குனிந்தவாறே மேற்குப் பக்கம் போய், கோலுக்குப் பின்னால் படுதாவை ஒட்டி உட்கார்ந்தார். கோலார்க்காரன் ஒருவன் வலப்பக்கமாகச் சீறி வந்தான். வீரபாகு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நிஜாமுதீன் தானாகவே பாய்ந்து பிடித்தான். பிடித்தது நல்லதுதான். இருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். துணி கண்ணைத்தான் விடவில்லை, வெயிலை விட்டது. சாய்ந்த வெயிலில் வெளியே நிற்பவர்களின் நிழல்கள் படுதாவில் வரிசையாக விழுந்திருந்தன. அண்ணாந்த மூக்குகள், சாய்த்த காதுகள், எம்பி எம்பிப் பார்த்துத் தோற்கும் ராசப்பனின் குடுமி. வீரபாகுவுக்குப் பக்கத்தில் ஒரு தலைப்பாகை. அது எம்பவில்லை. காதை மட்டும் துணியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. வீரபாகு அதைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார். பின்னுக்கு நகர்ந்து, முதுகு துணியில் படும்படி உட்கார்ந்துகொண்டார்.

"நடுவுல இருக்குது பந்து," என்றார், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "நம்மாளு எடுத்துட்டான்."

தலைப்பாகை அசைந்தது. "யாருங்க அது, உள்ள?"

"வெளியூரு. தட்டிட்டான், எடது பக்கம் ஒருத்தன் ஓடறான், கட்டையா இருக்கறான், ஆனா ஓட்டம் நல்ல ஓட்டம்."

"வெளியூருங்கறீங்க, நம்மாளுங்கறீங்க?"

வீரபாகு துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார். பிறகு நாச்சிமுத்து மற்றவர்களுக்குக் கேட்காதபடி, துணியோடு வாயை வைத்துக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, மூணணாத்தானுங்களா? இல்ல, பேசிக் கொறைச்சீங்களா?"

"ஆட்டத்தைக் கேளு சாமி," என்றார் வீரபாகு.

துணிக்கு அப்பால் ஒரு முதுகு மெல்லச் சரிந்து உட்கார்ந்து, அவர் முதுகோடு சாய்ந்தது. நூலின் கஞ்சி வாசனை அடித்தது. அந்த முதுகுக்கு இரண்டு பக்கமும் நிழல்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தன. வீரபாகு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனார். கட்டையன் பந்தை ஓங்கி உதைத்தான். அது மேலே ஏறியது, மூங்கிலைத் தாண்டி, படுதாவைத் தாண்டி, வெளியே இருப்பவர்களுக்கும் தெரியும் உயரத்துக்கு.